சின்ன இன்ஜினுக்கு ஒரு பொதுப் பட்டறை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். கோவையில் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள், ஃபவுண்டரி வேலை பார்ப்பவர்கள், பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள், ஒரு காலத்தில் சென்னைப் பக்கம் சோழவரம், இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடங்களில் பைக் ஓட்டியவர்கள் என்று பலரும் சேர்ந்த குழு நாங்கள். சின்ன சிசி பந்தய இன்ஜின்களை இங்கேயே வடிவமைத்து, வார்த்து, சோதித்துப் பார்க்க ஒரு பொதுப் பட்டறை அமைக்கிறோம். மொத்தச் செலவு 7 லட்சம் ரூபாய். எங்களுக்குள் 2,20,000 ரூபாய் போட்டுவிட்டோம். மீதி 4,80,000 ரூபாய்க்குத்தான் இந்த வேண்டுகோள்.

பைக் ரேஸுக்கெல்லாம் நன்கொடையா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். நியாயம்தான். அதனால் இந்த வேலை எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

சின்ன இன்ஜின் பந்தயம் என்றால் பெரிய வண்டிக்குப் போகும் முன் பையன்கள் பழகும் இடம் என்று இன்று ஆகிவிட்டது. 1960களில் கதையே வேறு. 1966இல் ஹோண்டா 125 சிசி வகுப்பில் இறக்கிய வண்டிக்கு ஐந்து சிலிண்டர். ஒவ்வொன்றும் 25 சிசி. டீக்கடை கிளாஸில் கால் பங்கு. நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் ஓடும். லூய்ஜி தவேரி அந்த ஆண்டு உலகச் சாம்பியன் ஆனது அதில்தான். சுசுகி தன் பங்குக்கு 50 சிசியில் இரண்டு சிலிண்டரும் 14 கியரும் வைத்து ஆர்கே67 என்று ஒன்றைக் கட்டியது. பவர் வரும் சுற்று வரம்பு அவ்வளவு குறுகல், கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதெல்லாம் காசு இருந்தவர்கள் செய்தது. எங்களை இந்த வேலையில் இழுத்துவிட்டது காசு இல்லாதவர்களின் கதை. கிழக்கு ஜெர்மனியில் ட்சோபாவ் என்ற ஊரில் எம்.இசட். பைக் தொழிற்சாலையின் பந்தயப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் வால்டர் காடன். பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் ஓர் எரிப்பு முடிந்துவிடும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் புகைக்குழாயை, அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் வைத்து ஆராய்ந்தவர். சிலிண்டரில் புகை வெளியேறும் துளையான எக்ஸாஸ்ட் போர்ட் திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஓடுகிறது. குழாய் அகலும் இடத்தில் அந்த அலை இழுப்பாகத் திரும்பி வந்து, மீதிப் புகையை உறிஞ்சிப் புது எரிகலவையையும் கூடவே இழுக்கிறது. பிறகு குழாய் குறுகும் இடத்தில் மோதித் தள்ளும் அலையாகத் திரும்பி, வெளியே வழிந்த கலவையைப் போர்ட் மூடுவதற்குள் மறுபடி உள்ளே அடைக்கிறது. நிமிடத்துக்கு 12,000 சுற்றில், இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஒரு முறை சுற்ற ஐந்து மில்லி விநாடிதான். அதில் ஏறக்குறையப் பாதி நேரத்துக்குள் இவ்வளவும் நடந்தாக வேண்டும். குழாயின் நீளத்தில் ஒரு விரற்கடை தவறினாலும் பவர் வேறு சுற்று வேகத்துக்குத் தாவிவிடும்.

1961இல் காடனின் 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. ஒரு லிட்டர் (1,000 சிசி) கணக்கில் பார்த்தால் 200. காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாத எந்த இன்ஜினும் அதுவரை அந்த அளவைத் தொட்டதில்லை. அதே ஆண்டு அவருடைய வண்டியை ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் பந்தயத்துக்குப் போன இடத்தில் மேற்குப் பக்கம் தப்பினார். நுட்பம் அவரோடு சுசுகிக்குப் போனது. மறு ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. பிற்பாடு நம் ஊர் மெக்கானிக்குகள் தகட்டைச் சுருட்டி கேஸ் வெல்டிங் வைத்து யமஹா ஆர்எக்ஸ்100 பைக்குக்கு மாட்டிய, நடுவில் அகன்று பிறகு குறுகும் எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்ற புகைக்குழாய்க்கும் மூதாதை காடனின் குழாய்தான்.

இன்னொருவர் யான் தீல். நெதர்லாந்துக்காரர். நண்பர் மார்ட்டின் மைவார்ட்டுடன் சேர்ந்து யமாத்தி என்ற பெயரில் 50 சிசி வண்டி கட்டினார். 1968இல் அந்த நாட்டு அசென் பந்தயத்தில் பால் லோடவைக்ஸ் அதை ஓட்டி ஜெயித்தார். வீட்டு ஆர்வத்தில் தொடங்கிய அதே தீல்தான் பல ஆண்டு கழித்து இத்தாலியில் ஏப்ரிலியாவுக்கு ஆர்எஸ்ஏ125 இன்ஜினை வடிவமைத்தார். ஒற்றை சிலிண்டர், 125 சிசி, 54 குதிரைத்திறனுக்குப் பக்கம். சின்ன இன்ஜின் கட்டிப் பழகிய கை எவ்வளவு தூரம் போகும் என்று யாராவது கேட்டால் நாங்கள் இவரைத்தான் காட்டுவோம்.

அப்புறம் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. 1969இல் 50 சிசிக்கு ஒரு சிலிண்டர், ஆறு கியர் என்று விதி வந்தது. அடுத்த ஆண்டு 125க்கு இரண்டு சிலிண்டர். 1988இல் அதுவும் ஒன்றாயிற்று. 50 சிசி வகுப்பு 1983உடன் முடிந்தது, டூ ஸ்ட்ரோக் 125 வகுப்பு 2011உடன். அதன் இடத்துக்கு வந்த மோட்டோ3இல் 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர், சிலிண்டரின் உள்விட்டம் உச்சமாக 81 மில்லிமீட்டர், சுற்று வேகத்துக்கும் உச்சவரம்பு. செலவு கட்டுக்கடங்காமல் போனதால் வந்த விதிகள் இவை. எழுதியவர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் இன்று அந்த வகுப்பில் இன்ஜின் கட்டுவது ஹோண்டாவும் கேடிஎம்மும் மட்டுமே. இடையில் நம் மகிந்திராவும் போய், 2016இல் அசெனில் பிரான்செஸ்கோ பன்யாயா மூலம் முதல் வெற்றி கண்டு, 2017 முடிவில் விலகிக்கொண்டது.

நம் நாட்டுப் பந்தயங்களில் ஓடுவது பெரும்பாலும் ஷோரூம் வண்டியின் டியூன் செய்த வடிவம். அசல் பந்தய இன்ஜின் வேண்டுமென்றால் ஹோண்டாவின் என்எஸ்எஃப்250ஆர் போல இறக்குமதிதான். ஓட்டுநர்களை இங்கே உருவாக்குகிறோம், இன்ஜின் கட்டுபவர்களை உருவாக்கவில்லை. இத்தனைக்கும் கோவைக்கு இது புதிதே இல்லை. மாருதி இன்ஜினைப் பொதுவாக வைத்துக்கொண்டு ஃபார்முலா மாருதி காரை வடிவமைத்த கரிவரதன் இந்த ஊர்க்காரர். நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயம் அந்த வகைக் காரில்தான்.

சரி, நாங்கள் என்ன செய்யப்போகிறோம்? இங்கே இன்ஜின் கட்டுபவர்களுக்கான விதிகள் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். கிராங்க் கேஸும் (கிராங்க் உட்காரும் கீழ்ப்பகுதிக் கூடு) கியர்பாக்ஸும் நம் தெருவில் ஓடும் சாதாரண வண்டியுடையதாக இருக்க வேண்டும்: ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் 125 சிசி வரை, டூ ஸ்ட்ரோக் என்றால் 100 சிசி வரை. காயலான் கடையில் இவை மலிவாகக் கிடைக்கும். (ஆர்எக்ஸ்100 மட்டும் விதிவிலக்கு. பழைய நினைவுக்கு ஆசைப்பட்டு அதன் விலையை எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள்.) அதற்கு மேலே உள்ள சிலிண்டர், அதன் மூடியான ஹெட், வால்வு, குழாய், எரிபொருள் ஊட்டும் முறை எல்லாம் கட்டுபவர் இஷ்டம். சிலிண்டர் எண்ணிக்கைக்குக்கூடத் தடை இல்லை. யாராவது இரட்டை சிலிண்டர் 100 சிசியோடு வந்து நின்றால் எங்களுக்குச் சந்தோஷம். ஒரே நிபந்தனை: பொதுப் பட்டறையில் செய்த பொருளின் வரைபடமும் சோதனை அளவுகளும் எல்லோர் பார்வைக்கும் வைக்கப்படும். ஒருவர் தோற்ற வடிவத்திலேயே அடுத்தவரும் போய்த் தோற்பதில் யாருக்கு என்ன லாபம்?

பணத்தில் பெரிய பங்கு, 2,40,000 ரூபாய், இன்ஜினின் பவரை அளக்கும் கருவியான டைனோவுக்கு. இன்று எங்களில் பாதிப் பேர் ஸ்பார்க் பிளக்கின் நிறத்தையும் இன்ஜினின் சத்தத்தையும் வைத்தே டியூன் செய்கிறோம். "ரெண்டு ஹார்ஸ்பவர் ஏறியிருக்கு" என்பார் ஒருவர். எதை வைத்து என்று கேட்டால் பதில் வராது. ரெடிமேட் டைனோ எங்கள் கைக்கு எட்டாது. ஆகவே இனர்ஷியா டைனோவை நாங்களே கட்டுகிறோம். கனமான இரும்பு டிரம் ஒன்றைப் பின்சக்கரம் சுழற்றும். டிரம்மின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழலும் வேகத்தை மாற்ற அது எவ்வளவு எதிர்க்கும் என்பது, நமக்குத் தெரியும். ஒவ்வொரு சுற்றும் எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்று சென்சார் அளக்கும். அதிலிருந்து பவர் கணக்கு வந்துவிடும். டிரம்மைக் கடைவதற்கும் பேலன்ஸ் செய்வதற்கும் இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமா? கடைசல் கூலி வேண்டாம் என்று ஒரு பட்டறைக்காரர் சொல்லிவிட்டார். இரும்புக்கும் பேரிங்குக்கும் சென்சாருக்கும் புகை வெளியேற்றும் விசிறிக்கும்தான் காசு.

ஹெட் வழியே காற்று எவ்வளவு போகிறது என்று பார்க்கும் ஃப்ளோ பெஞ்சுக்கு 45,000. வார்ப்பு அச்சுக்கான மரப் பேட்டர்ன் (மாதிரி), வார்ப்பின் உள்வெற்றிடத்தை உண்டாக்கும் கோர் பெட்டிகளுக்கு 1,10,000. அலுமினிய வார்ப்பு, ஹீட் ட்ரீட்மெண்ட், சிலிண்டருக்குள் பொருத்தும் குழலான லைனர் வகைக்கு 1,30,000. மீதி 1,75,000 செட்டிபாளையம் டிராக்கில் சோதனை ஓட்டத்துக்கு: டிராக் வாடகை, ஆம்புலன்ஸ், இன்சூரன்ஸ். இதில் ஆம்புலன்ஸ் செலவை மட்டும் எக்காரணம் கொண்டும் குறைக்கமாட்டோம். போட்டி என்று நடத்த மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் அனுமதி வேண்டும். முதல் ஆண்டில் அதற்கு ஆசைப்படவில்லை, நேரம் அளந்து ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இந்தக் காலத்தில் பெட்ரோல் இன்ஜினா, அதுவும் டூ ஸ்ட்ரோக்கா என்று கல்லூரிப் பிள்ளைகளே கேட்கிறார்கள். டைனோவுக்கு பேட்டரி வண்டியும் ஒன்றுதான், கொண்டுவரட்டும். வெப்பம், அதிர்வு, எடை, உராய்வு ஆகியவற்றோடு மல்லுக்கட்டக் கற்றுக்கொண்டவர் எந்த மோட்டாரிலும் பிழைத்துக்கொள்வார். ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறோம்: பொதுச் சாலையில் பந்தயம் விடுபவர்களுக்கு இந்தப் பட்டறையின் வாசல் திறக்காது.

100 ரூபாயும் வாங்கிக்கொள்வோம். பணமாகத்தான் வேண்டும் என்றில்லை. பழைய கிராங்க் கேஸ், உபயோகத்தில் இல்லாத டயல் கேஜ், மைக்ரோமீட்டர், அலுமினிய ஸ்கிராப், வாரத்தில் ஒரு சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பேட்டர்ன் வேலை சொல்லிக்கொடுக்கும் ஓர் அனுபவக் கை, எதுவானாலும் நன்றியோடு ஏற்கிறோம். 80ஜி வரிவிலக்கு எங்களுக்கு இன்னும் வரவில்லை; வந்தது போலச் சொல்லிப் பணம் வாங்க மனமில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் தயவுசெய்து பணம் அனுப்ப வேண்டாம், அதற்கான அரசு அனுமதி எங்களிடம் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தாராளமாக அனுப்பலாம்.

இந்த வேண்டுகோளை உங்களிடம் சேர்த்தவரிடமே வங்கி விவரம் இருக்கும். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவுக் கணக்கைப் பட்டறைச் சுவரில் ஒட்டுவோம், நன்கொடையாளர்களுக்கும் அனுப்புவோம். குறித்த தொகை சேராவிட்டால் டைனோவை மட்டும் கட்டி முடித்துவிட்டு, வார்ப்பு வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்போம்.

இப்படிக்கு,
குழுவினர்,
கோயம்புத்தூர்