டென்டில் குளிர் கீழிருந்துதான் ஏறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரையாண்டு விடுமுறை வந்தால் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பிள்ளைகளோடு டென்டில் தங்கக் கிளம்புகிறார்கள். ஆளுக்கு இரண்டு கம்பளி எடுத்துப் போவார்கள். இரண்டும் மேலே போர்த்தத்தான். உடம்புச் சூட்டை இழுப்பது தரை. கீழே விரித்த கம்பளி உடம்பு பாரத்தில் நசுங்கிவிடுவதால் குளிரை அவ்வளவாகத் தடுக்காது. காற்றடைத்த சாதாரண மெத்தை இன்னும் மோசம். உள்ளே இருக்கும் காற்றே குளிர்ந்துபோகும். 10 மில்லிமீட்டர் கனத்தில் ஃபோம் மேட் போடுங்கள். மெல்லிய யோகா மேட்தான் கிடைத்தது என்றால் இரண்டாக அடுக்கி, மேலே ஜமுக்காளம் விரிக்கலாம். காற்று மெத்தை இருந்தால் ஃபோம் அதற்கு மேலேதான் வர வேண்டும், அடியில் அல்ல.

குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும். ஊட்டிப் பக்கம் காந்தல், தலைக்குந்தா போன்ற தாழ்வான இடங்களில் உறைபனி கொட்டுவது அதனால்தான். ஏரிக்கரை அழகாக இருக்கும். டென்டைச் சற்று மேட்டில் போடுங்கள்.

பகலில் ஓடி வேர்த்த பனியனோடு குழந்தையைப் படுக்க வைக்கக் கூடாது. சாக்ஸ் உட்பட எல்லாம் உலர்ந்ததாக மாற்ற வேண்டும். இரண்டு சாக்ஸை இறுக்கிப் போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் சில்லிடும். தளர்வான கம்பளி சாக்ஸ் ஒன்று போதும். பெரியவர்களின் ஸ்லீப்பிங் பேக்கில் கால்மாட்டில் மிஞ்சும் நீளத்தை அடியில் மடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த வெற்றிடத்தையும் பிள்ளையின் உடம்புதான் சூடாக்க வேண்டும்.

விடியும் முன்தான் குளிர் உச்சத்துக்குப் போகும். அப்போது பிடரியைத் தொட்டுப் பாருங்கள். கை, பாதச் சில்லிப்பை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பிடரி வேர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றலாம். பிள்ளை மந்தமாகி, பேச்சு குழறினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கம்பளி முகத்தை மூடிவிடும் அபாயம் உண்டு. அறை எடுத்துத் தங்குவதே மேல்.

கரி அடுப்பை உள்ளே கொண்டுவரவே கூடாது. சாம்பல் பூத்த கரியும் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவருக்குத் தெரியாமலே கொன்றுவிடும். டென்டின் மேல் ஜன்னலையும் அடைக்காதீர்கள். மூச்சின் ஈரம் துணியில் படிந்து, சொட்டிக் கம்பளியை நனைக்கும்.

டென்ட் வாடகைக்கு விடுவோர் பலரும் ஆளுக்கு ஒரு மெல்லிய விரிப்போடு கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். சிறுவர்களுக்குக் கனமான ஃபோம் மேட் தருவதையும், டென்டுக்குள் கரி அடுப்புக்குத் தடை என்று எழுதி மாட்டுவதையும் மாவட்ட நிர்வாகம் கட்டாயமாக்க வேண்டும்.

– ஒரு வாசகர், வத்தலக்குண்டு