ரிக்டர் என்பது லிட்டர் போல ஓர் அலகா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரி மாணவிகள் ஆறு பேருக்கு வீட்டில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். போன வாரம், 2025 மார்ச் 28 அன்று மியான்மரைக் குலுக்கிய நிலநடுக்கம் பற்றிய தமிழ்ச் செய்தி ஒன்றைக் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். ஒருத்தி ‘ஹெவி எர்த்குவேக்’ என்று எழுதினாள். மழைக்குத்தான் ஹெவி, இதற்கு ஸ்ட்ராங் அல்லது பவர்ஃபுல் என்று திருத்தினேன். இன்னொருத்தி எழுதியது, ‘7.7 ரிக்டர் எர்த்குவேக் கேம்’. அவளைக் குறை சொல்ல முடியவில்லை. கையில் இருந்த செய்தியிலேயே ‘7.7 ரிக்டர்’ என்றுதான் அச்சாகியிருந்தது.

லிட்டர், கிலோ மாதிரி ரிக்டர் ஓர் அலகு இல்லை. கலிபோர்னியா நிலநடுக்கங்களை ஒப்பிட 1935இல் சார்லஸ் ரிக்டர் வகுத்த அளவுகோல் அது. மிகப் பெரிய நடுக்கங்களுக்கு அது சரிப்படவில்லை. இப்போது அவற்றுக்குப் பயன்படுவது, நிலத்தடிப் பாறைப் பிளவில் எவ்வளவு பரப்பு எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதைக் கணக்கில் எடுக்கும் வேறொரு அளவுகோல். ஹாங்க்ஸ், கனமோரி என்ற நிலநடுக்க ஆய்வாளர்கள் இருவரும் 1979இல் வகுத்தது. அதனால்தான் ஆங்கிலத்தில் ‘எ மேக்னிட்யூட் 7.7 எர்த்குவேக் ஸ்ட்ரக் மியான்மர்’ என்று எழுதுகிறார்கள். ரிக்டர் பெயரே வராது.

அப்புறம், அந்த எண் ஊருக்கு ஊர் மாறாது, குலுக்கல்தான் மாறும். 2001 ஜனவரி 26 காலை குஜராத் நிலநடுக்கம் வந்தபோது நாங்கள் அகமதாபாத் மணிநகரில் குடியிருந்தோம். குடத்துத் தண்ணீர் அலம்பித் தரையெல்லாம் ஓடியது, அலமாரிப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. நகரில் சில அடுக்குமாடிகள் சரிந்தன. எங்கள் கட்டடம் நின்றது. புஜ்ஜிலோ தெருத் தெருவாக வீடுகள் தரைமட்டம். இரண்டு ஊருக்கும் நிலநடுக்கத்தின் அளவு ஒன்றே. ஜப்பானில் அந்த அளவோடு நிறுத்தாமல், ஒவ்வோர் ஊரும் எவ்வளவு குலுங்கியது என்பதை 0 முதல் 7 வரையிலான ‘ஷிண்டோ’ எண்ணால் தனியே சொல்கிறார்கள். ஊரில் சொந்தபந்தம் உள்ளவர்களுக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டியது.

‘6.7க்கும் 7.7க்கும் ஒன்றுதானே மிஸ் வித்தியாசம்?’ என்றாள் ஒரு பெண். வெளிப்படும் ஆற்றலில் அந்த ஒன்று சுமார் 32 மடங்கு. இதையும் ஒரு வரி சேர்த்தால் வாசகருக்குப் புரியும்.

‘நிலநடுக்கத்தின் அளவு 7.7’ என்று எழுதினாலே போதும். உங்கள் செய்திப் பிரிவில் இதை வழக்கமாக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் உங்கள் நாளிதழைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
மதுரை