செக்ரோலைக் கேட்கத் தெரிந்த நிருபர்

ஆசிரியருக்கு,

பி.பி.சி.யின் முன்னாள் டெல்லி நிருபர் மார்க் டல்லியின் பணி குறித்துத் தங்கள் வாரவெளியீட்டில் வந்த கட்டுரை, அவரது குரலையே அதிகம் புகழ்கிறது. ஓரிடத்தில் நிலைத்திருந்ததுதான் அவரது பலம் என்பேன். 1975 அவசரநிலையின்போது வெளியேற்றப்பட்டவர், மீண்டும் வந்து 1994இல் விலகும்வரை தெற்காசியாவைவிட்டு அகலவில்லை. பாபர் மசூதி இடிக்கப்பட்ட 1992 டிசம்பர் 6 அன்று, அயோத்தியிலிருந்து அருகிலுள்ள பைசாபாத் சென்று செய்தியை அனுப்பிவிட்டு அயோத்திக்கே திரும்பினார்.

விமானத்தில் வந்திறங்கி இரண்டு நாளில் புறப்படும் குழுவுக்கு இது கைகூடாது. பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியாபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மண்சரிந்தபோது, காணாமற்போனோர் தொகை முதலில் நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்டுப் பின்னர் இறங்கியது. தோட்டம் அறிந்தவர் முதலில் செக்ரோலை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரவுப் பதிவேட்டை, கேட்பார். அதில் பெயர்பதிந்த தொழிலாளர் மட்டுமே இருப்பர். ஆகவே பாடசாலை இடாப்பு, பிள்ளைக்காம்பரா (தோட்டக் குழந்தைப் பராமரிப்பு நிலையம்) பதிவு, கொழும்பில் வேலை செய்வோர் விபரம் ஆகியவற்றை லயம் லயமாக (தொழிலாளர் குடியிருப்பு வரிசை வாரியாக) ஒப்பிட்டபிறகே எண்ணிக்கை சொல்வார். அட்டனிலும் பதுளையிலும் இத்தகைய முழுநேர நிருபர்களைத் தங்கள் பத்திரிகை நியமித்து, அனர்த்தக் காலங்களில் வெளிநாட்டு ஒளிபரப்புக் குழுக்களுக்கு அவர்களது தொடர்பிலக்கத்தை வழங்கலாம்.

– வாசகர், பண்டாரவளை