சின்னக் கார்களை எடுத்துவிட்டீர்கள்: ஒரு புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சிங்கப்பூர்

பொருள்: அப்டேட்டில் சாதாரணக் கார்கள் நீக்கப்பட்டது; திரும்பச் சேர்க்க அல்லது பணத்தைத் திருப்பித் தரக் கோரிக்கை

ஐயா / அம்மையீர்,

உங்கள் புகார்ப் படிவத்தில் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள், பட்டியலில் தமிழும் இருக்கிறது. அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். படிக்க ஆள் இருப்பார் என்ற நம்பிக்கைதான்.

உங்கள் கார் பந்தய விளையாட்டை வெளியான வாரத்திலேயே முழு விலை கொடுத்து வாங்கினேன். வீட்டுக் காரிலிருந்து லெ மான் பந்தயக் கார் வரை எதையும் ஓட்டலாம் என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். நான் காசு கொடுத்தது அந்த வீட்டுக் காருக்காகத்தான். சென்ற மாத அப்டேட் இறங்கியபின் பார்த்தால் ஹோண்டா ஜாஸ், டொயோட்டா வியோஸ், நிசான் மார்ச் எதுவும் கார் கடையில் இல்லை. நான் ஏற்கெனவே வாங்கி வைத்தவை கராஜில் சும்மா நிற்கின்றன. தனியாகச் சுற்றி வரலாம், ஆன்லைன் பந்தயத்தில் இறக்க முடியாது. ஈடாகக் கொஞ்சம் விளையாட்டு நாணயம் போட்டிருக்கிறீர்கள். அந்த நாணயத்தைக் கொண்டு இன்னொரு ஃபெராரி வாங்கலாமாம். யார் கேட்டது?

முதலில் நான் அனுப்பிய புகாருக்கு உங்களிடமிருந்து பதில் வந்தது. இந்தக் கார்களை அதிகம் பேர் ஓட்டுவதில்லை, இவற்றுக்குப் பந்தய வரலாறு இல்லை, விளையாட்டின் தரத்தை உயர்த்தவே இந்த முடிவு என்று இருந்தது. பதில் மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றுமே பொருந்தவில்லை.

அதிகம் பேர் ஓட்டுவதில்லை என்பதை எடுத்துக்கொள்வோம். ஓட்ட எங்கே வழி வைத்தீர்கள்? ஆட்டம் தொடங்கியதுமே முந்நூறு குதிரைத்திறன் கார் ஒன்றைப் பரிசாகத் தருகிறீர்கள். சின்னக் கார்களுக்கென்று ஒரு போட்டித்தொடர்கூடக் கிடையாது. கோப்பிக்கடையில் கோப்பி ஓ-வை, அதாவது பால் இல்லாத கோப்பியை, பலகையிலிருந்து அழித்துவிட்டு, அதை யாருமே கேட்பதில்லை என்று சொல்வது போல இருக்கிறது. 1997இல் பிளேஸ்டேஷனில் வந்த கிரான் டூரிஸ்மோ என்ற கார் பந்தய விளையாட்டு, தொடக்கத்தில் கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்துப் பழைய கார் கடைக்கு அனுப்பியது. 2022இல் வந்த ஏழாவது பாகத்திலும் முதல் கார் மாஸ்டா டெமியோ, டொயோட்டா அக்வா, ஹோண்டா ஃபிட் மூன்றில் ஒன்றுதான். ஃபிட் வேறு ஒன்றுமில்லை, நம் ஊரில் ஜாஸ் என்று ஓடுகிறதே, அதேதான். இத்தனை காலம் கழித்தும் அவர்கள் அந்த வாசலை மூடவில்லை.

அப்புறம், பந்தய வரலாறு. இதில்தான் எனக்கு உண்மையாகவே கோபம்.

1959இல் மினி வந்தபோது அது சிக்கனக் கார். 848 சிசி எஞ்சின், நாலு பேர் உட்கார இடம், பெட்ரோல் மிச்சம், அவ்வளவுதான். அதிலிருந்து பிறந்த கூப்பர் எஸ் 1964, 1965, 1967 என்று மூன்று முறை மான்டி கார்லோ ராலியை வென்றது. அவ்வளவு தூரம் போவானேன், உங்கள் அலுவலகம் இருக்கும் இதே சிங்கப்பூரில் 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையை மூடிவிட்டு கிராண்ட் பிரீ நடத்தினார்கள். பெரிய பந்தயத்தோடு சலூன் கார் பந்தயமும் உண்டு. மினி போன்ற வீட்டுக் கார்கள் அந்த வளைவுகளில் ஒன்றையொன்று துரத்தின. இன்று பழைய அப்பர் தாம்சன் சாலையில் ஓரமாகக் குரங்குகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு நாள் போய்ப் பாருங்கள், அந்த வளைவுகள் அப்படியே இருக்கின்றன.

பழைய கதை என்பீர்களோ? கடலுக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் 2017 முதல் வியோஸுக்கென்றே தனிப் பந்தயத்தொடர் நடக்கிறது. நீங்கள் வரலாறு இல்லை என்று எடுத்துவிட்ட அதே வியோஸ். ருமேனியாவின் மலிவுக் காரான டாசியா லோகன், ஜெர்மனியின் நர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷேக்களோடு ஓடியிருக்கிறது. உங்கள் விளையாட்டின் அட்டைப்படத்திலேயே ஒரு டொயோட்டா ஏஇ86 நிற்கிறது. 1983இல் வந்தபோது அது 1.6 லிட்டர் கொரோலா வகைதான் என்பதை உங்களில் யாராவது நினைத்துப் பார்த்தீர்களா?

தரத்தைப் பற்றிச் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். எண்ணிக்கை காட்டுவதற்காகக் கார்களை அடுக்குவது எனக்கும் பிடிக்காது. 2010இல் வந்த கிரான் டூரிஸ்மோ ஐந்தில் ஆயிரத்துக்கும் மேல் கார்கள், ஆனால் பெரும்பாலானவை பழைய பாகத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டவை, உட்புறம்கூடச் சரியாகச் செய்யப்படவில்லை. அப்படி இருநூறு சின்னக் கார் வேண்டாம். பத்து போதும், ஆனால் ஒழுங்காக.

ஒழுங்காகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதை உங்கள் ஜாஸே காட்டியது. முன்சக்கரமே இழுக்க வேண்டும், அதே சக்கரமே திரும்பவும் வேண்டும். வளைவில் அவசரப்பட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் மூக்கு வெளிப்பக்கமாக ஓடிவிடும். திடீரென்று காலை எடுத்தால் பின்பக்கம் லேசாகச் சுழன்று உள்ளே வரும். அதைத் தெரிந்து பயன்படுத்துகிறவன் ஒரு கார் நீளம் முந்துவான். எஞ்சினில் பலம் இல்லாததால் ஒருமுறை இழந்த வேகம் திரும்ப வர வெகுநேரம் ஆகும், ஆகவே பிரேக்கை எங்கே விடுவது என்பதுதான் முழு ஆட்டமும். ஜப்பானின் சுகுபா மாதிரி 2 கிலோமீட்டர் தடத்தில் ஆயிரம் குதிரைத்திறன் காரை ஓட்டினால் நேர்பாதை கண்ணில் படுவதற்குள் முடிந்துவிடுகிறது. ஜாஸில் முன்னால் போகிறவனின் காற்றுமறைவில் ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் எட்டிப் பார்த்து, மறுபடி பின்வாங்கி, அடுத்த வளைவுக்குக் காத்திருக்க நேரம் இருக்கிறது. ஞாயிறு இரவுகளில் நானும் என் அக்கா மகனும் அவன் பாலிடெக்னிக் நண்பர்களும் எல்லாரும் ஜாஸ் என்று வைத்துக்கொண்டு ஓட்டுவோம். கார் ஒன்றே என்பதால் தோற்றவனுக்குச் சாக்கு கிடையாது. அப்டேட்டுக்குப் பிறகு அவர்கள் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் பதிலில் இவை யார் வேண்டுமானாலும் தினமும் ஓட்டக்கூடிய கார்கள் என்று எழுதியிருந்தது. எந்த ஊரில்? 2023 அக்டோபரில் சின்னக் கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ, அதாவது கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ், 106,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) போனது. அது காரின் விலை இல்லை. பத்து ஆண்டு வைத்திருக்க உரிமை, அவ்வளவே. காருக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுத்து வாங்கினாலும் விரைவுச்சாலையில் 90க்கு மேல் போகக்கூடாது, வேகமாக ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் எல்லை தாண்டி மலேசியாவின் சிப்பாங் பந்தயத் தடத்துக்குத்தான் போக வேண்டும். என் புளோக்கில் குடியிருக்கும் பலருக்கும் லம்போர்கினியும் ஜாஸும் ஒரே தூரத்தில்தான் இருக்கின்றன. லம்போர்கினி கனவில் வந்தால் சிரித்துவிட்டு எழுந்துவிடுவோம். ஜாஸ் வந்தால் கணக்குப் போடத் தொடங்கிவிடுவோம்.

நான் கேட்பது இதுதான். நீக்கிய கார்களை ஆன்லைன் பந்தயத்தில் மறுபடி இயங்க விடுங்கள். புதிதாக எதுவும் செய்யத் தேவையில்லை, கார்கள் என் கராஜிலேயே இருக்கின்றன. அது முடியாது என்றால் விளையாட்டின் விலையைத் திருப்பித் தாருங்கள், நாணயமாக இல்லை, வெள்ளியாக. விற்பனைப் பக்கத்தின் பழைய படத்தையும், வாங்கிய ரசீதையும், உங்கள் முதல் பதிலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்குள் சரியான பதில் வராவிட்டால் இதே கடிதத்தைப் பயனீட்டாளர் சங்கத்துக்கு அனுப்புவேன்.

பதிலை மின்னஞ்சலில் அனுப்புங்கள். தொலைபேசியில் அழைக்க வேண்டாம், பகலில் வேலையில் இருப்பேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாடிக்கையாளர்