91-ஆம் சங்கீதத்தில் ஒரு வசனம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சங்ககிரி, நாமக்கல் லாரிகளின் முன்கண்ணாடியிலும், ஈரோடு, திருப்பூர் வீடுகளின் நிலைக்கு மேலும் வேதாகமத்தின் துதிப்பாடல்களில் ஒன்றான சங்கீதம் 91-இன் 10-ஆம் வசனம் ஒட்டியிருப்பதைப் பார்க்கிறோம்: "பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது." 16 வசனங்களில் இதை மட்டும் பிய்த்தெடுத்தால் வேதவசனம் தாயத்தாகிவிடும்.

இந்தச் சங்கீதத்தில் குரல்கள் மாறுகின்றன. 2-ஆம் வசனத்தில் விசுவாசி தன் வாயால் அறிக்கையிடுகிறான். 3 முதல் 13 வரை வேறொருவர் அவனுக்குத் தைரியம் சொல்கிறார். 14 முதல் 16 வரை தேவனே பேசுகிறார். வீட்டு ஜெபத்தில் மூன்று பேர் பிரித்து வாசித்தால் இது உடனே விளங்கும். மூன்று நிமிடம்கூட ஆகாது. தேவன் பேசும் பகுதியில் "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்று வருகிறது. ஆபத்தே வராது என்பவர்கள் இந்த 15-ஆம் வசனத்தை என்ன செய்வார்கள்?

4-ஆம் வசனமும் அப்படித்தான்: "அவர் செட்டைகளின் கீழே அடைக்கலம் புகுவாய்." பருந்து வட்டமிடும்போது தாய்க்கோழி சிறகை விரிக்கும், உள்ளே ஓட வேண்டியது குஞ்சு. வெளியே மேய்ந்துகொண்டே சிறகைப் பற்றிப் பாடினால் பருந்துக்குத்தான் கொண்டாட்டம்.

இன்னொன்று. தூதர்கள் உன்னைக் காப்பார்கள் என்னும் 11, 12-ஆம் வசனங்களை, இயேசுவை ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கத் தூண்ட, மத்தேயு 4-இல் பிசாசே எடுத்துச் சொல்கிறான், அதுவும் "உன் வழிகளிலெல்லாம்" என்பதை விட்டுவிட்டு. இயேசு உபாகமம் 6:16-ஐக் கொண்டு, தேவனைப் பரீட்சை பாராதே என்று மறுக்கிறார். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் டீசலை மிச்சம்பிடிக்க வண்டியை நியூட்ரலில் இறக்குபவருக்கும் அதே பதில்தான். எஞ்சினின் பிடி போய், பாரம் முழுவதும் பிரேக்கில் விழுந்து, அது சூடேறிப் பிடிக்காமல் போனால் ஸ்டிக்கரைக் குறை சொல்லக் கூடாது.

"பாழாக்கும் கொள்ளைநோய்" என்ற சொல் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கோவையின் பிளேக் மாரியம்மன் கோயில்களே சாட்சி. கொரோனா நாட்களிலும் இந்தச் சங்கீதம் வீடுவீடாக ஒலித்தது. ஆனால் சாவு விழுந்த வீட்டில் 7-ஆம் வசனத்தை வாசிக்காதீர்கள். ஆயிரம்பேர் விழுந்தாலும் அது உன்னை அணுகாது என்பது, விழுந்தவரின் வீட்டார் காதில் குற்றச்சாட்டாகவே கேட்கும். அங்கே 46-ஆம் சங்கீதம் வாசிக்கலாம். வார்த்தையே வராத துக்கமென்றால் 88. கடைசிவரை ஆறுதல் சொல்லாத அந்தச் சங்கீதத்துக்கும் வேதத்தில் இடமிருக்கிறது.

தேடும்போது ஒரு குழப்பம் வரலாம். கத்தோலிக்கரின் பழைய லத்தீன் வேதாகம வரிசையில் 9-ஆம் 10-ஆம் சங்கீதங்கள் ஒன்றாக இருப்பதால், அதில் இது 90. சங்கீதத்தைத் திருப்பாடல் என்று சொல்லும் இப்போதைய தமிழ்த் திருவிவிலியத்தில் திருப்பாடல் 91 என்றே பாருங்கள்.

ஸ்டிக்கர் அச்சிடுவோருக்கு: ஒரே வசனத்துக்குத்தான் இடமிருக்கிறதென்றால் 10-ஐ விட்டு 15-ஐப் போடுங்கள்.

இப்படிக்கு,
வேதபாட வகுப்பு ஆசிரியர்கள்,
ஈரோடு.