முதல் பத்தியில் மாலுமியை எழுதுங்கள்

சர்வதேச கடல்சார் அமைப்பின் பொதுச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. கப்பல் இன்ஜின் ரூமில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தூத்துக்குடிக்காரன் எழுதுகிறேன். ரஷ்யா-உக்ரைன் போரில் சிக்கிய கருங்கடல் துறைமுகங்களைப் பற்றிப் பேச்சுவார்த்தை என்று செய்தி வரும்போதெல்லாம் எங்கள் தெருவில் ஒரே கேள்விதான்: அதில் கப்பலில் இருக்கும் ஆட்களைப் பற்றி ஒரு வரியாவது உண்டா?

2022 மார்ச்சில் உங்கள் கவுன்சில் அவசரமாகக் கூடி, மாலுமிகள் வெளியேறப் பாதுகாப்பான கடல்வழி வேண்டும் என்று கேட்டது. அது திறக்கவில்லை. ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தத்தால் ஆகஸ்டில் தானியத்துக்குத் திறந்தது. ஒடேசா, சோர்னோமோர்ஸ்க், பிவ்டென்னி என்ற மூன்று உக்ரைன் துறைமுகங்கள் வழியாக ஓராண்டில் ஏறக்குறைய 3.3 கோடி டன் வெளியே போனது. பசித்தவர்களுக்குப் போன சோறு, சந்தோஷம்தான். ஆனால் மிகோலாயிவ் துறைமுகம் அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. துறைமுகம் உக்ரைன் கையில், அதன் கடல்வாசலில் உள்ள கின்பர்ன் மணல்திட்டு ரஷ்யாவின் கையில். உள்ளே கட்டியிருந்த வெளிநாட்டுக் கப்பல்கள் அப்படியே நின்றுவிட்டன.

நிற்கிற கப்பலைப் பூட்டிவிட்டு வர முடியாது ஐயா. பெரும்பாலோர் ஊர் திரும்பினாலும், கப்பலின் அடியில் தேங்கும் பில்ஜ் தண்ணீர் இறைக்கவும் கயிறு பார்க்கவும் சிலராவது இருந்தாக வேண்டும். டீசலை மிச்சம்பிடிக்க ஜெனரேட்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டி அணைப்பார்கள். குளிர் அறையில் முதலில் இறைச்சி கெடும், அப்புறம் காய்கறி. கடைசியில் அரிசியும் பருப்பும்தான். ராத்திரியில் வெளிச்சம் வெளியே தெரியாமல் ஜன்னலை மூடிக்கொண்டு, அடுத்த குண்டு எங்கே விழும் என்று காது கொடுத்துக் கிடக்க வேண்டும். சம்பளம் வந்ததா என்று வீட்டிலிருந்து கேட்டால் என்ன பதில் சொல்வார்கள்?

ரஷ்ய ஆக்கிரமிப்பில் உள்ள மரியுபோல், பெர்தியான்ஸ்க் துறைமுகங்களை மூட உக்ரைன் 2022 ஏப்ரலிலேயே உத்தரவிட்டுவிட்டது. ஆனாலும் கப்பல் இருக்கும் இடத்தைக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியை அணைத்துவிட்டு ஆக்கிரமிப்புத் துறைமுகங்களில் சரக்கேற்ற கப்பல் அனுப்பும் முதலாளிகள் இருக்கிறார்கள். சமையல்காரரிடமும் ஆயில்மேனிடமும் கேட்டா அனுப்புகிறார்கள்? கப்பல் பிடிபட்டால் உள்ளே இருப்பது இவர்கள், முதலாளி எங்கோ ஓர் அலுவலகத்தில். கப்பலைப் பதிவுசெய்து கொடி கொடுத்த நாடு கடிதத்துக்குப் பதில்கூடப் போடுவதில்லை. காப்பீட்டுக் கட்டணத்தையும் டன் கணக்கையும் மணிக்கணக்கில் பேசுகிறவர்களுக்கு இது மட்டும் எப்படி மறந்துபோகிறது?

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். எந்தத் துறைமுகத்தைப் பற்றி யார் கையெழுத்திட்டாலும், முதல் பத்தியில் மாலுமி வரட்டும்: சிக்கியவர்கள் வெளியேறவும், மாற்று ஆட்கள் வரவும், பாக்கிச் சம்பளம் கிடைக்கவும் வழி எழுதுங்கள். சரக்கு இரண்டாம் பத்தியில் வரட்டும். மிகோலாயிவின் பெயரை இந்த முறை விட்டுவிடாதீர்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு கப்பல் தொழிலாளி, தூத்துக்குடி