எங்கே சாப்பிடுவோம் என்று கேட்ட பெடியன்

திருகோணமலை
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்

அன்புள்ள மகன்,

நேற்று நீ கோல் எடுத்த நேரம் நான் குசினியில் நின்றேன். சூடைமீன் பொரிந்துகொண்டிருந்தது. நீ சொன்னதில் பாதி சட்டிச் சத்தத்தோடு போய்விட்டது. மிச்சப் பாதி இரவு முழுக்க என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

சின்னவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ரோமியோ ஜூலியட் நாடகம். காதலால் ரோமியோவின் குணம் எப்படி மாறுகிறது என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவள் "அவன் மாறவில்லை, ஆளைத்தான் மாற்றினான்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டாளாம். நீயும் சிரித்துக்கொண்டு "சரிதானே அம்மா" என்கிறாய். அந்த நாடகத்தை எத்தனை வகுப்புக்குப் படிப்பித்தவளிடம் வந்து சொல்லுகிற கதையா இது? போனில் சொன்னால் நீ பாதியில் "ம், ம்" என்பாய். அதனால் எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராதது உன்னுடைய பிழை, அதற்கு வேறு கடிதம் வரும். இதை நீயே வாசித்துச் சொல்லு.

முதலில் அவள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். தன்னைத் திரும்பியும் பாராத ரோசலின் என்ற பெண்ணுக்காக ஞாயிறு காலை அழுதவன் ஞாயிறு இரவே ஜூலியட்டின் கையைப் பிடிக்கிறான். திங்கள் விடிய லோரன்ஸ் பாதரும் அதைத்தான் கேட்கிறார்: பழைய கண்ணீரின் கறையே இன்னும் உன் கன்னத்தில் காயவில்லை, உங்களைப் போன்ற இளம் பெடியங்களின் காதல் நெஞ்சில் இல்லை, கண்ணில்தான் இருக்கிறது போல என்று. பாதர் சொன்னது அன்றைய நிலவரத்துக்குச் சரி. ஆனால் கதை வியாழன் விடியும்வரை போகிறது. ஷேக்ஸ்பியருக்கு முன்பே 1562இல் ஆர்தர் புரூக் என்பவர் இதை நீளமான பாட்டாக எழுதியிருந்தார். அதில் கதை மாதக்கணக்கில் நடக்கும், ஜூலியட்டுக்கு 16 வயது. ஷேக்ஸ்பியர் ஐந்து நாளுக்குள் எல்லாவற்றையும் நெருக்கி, அவளையும் 14 நிரம்பாத பிள்ளையாக்கினார். அதனால் இந்த நாடகத்தை மணித்தியாலக் கணக்கில் வாசிக்க வேண்டும்.

அந்த ஞாயிறு காலையைப் பார். மகன் யன்னலைச் சாத்திவிட்டு, பகலை வெளியே விட்டுப் பூட்டி, தனக்கென்று ஓர் இரவைச் செய்துகொண்டு உள்ளே கிடக்கிறான் என்று தகப்பன் மொன்டேகு கவலைப்படுகிறார். வெளியே வந்தவனோ காதலைப் பற்றி அடுக்குகிறான்: ஈயத்தில் செய்த இறகு, ஒளிவிடும் புகை, குளிர்ந்த நெருப்பு, நோய் பிடித்த சுகம். எல்லாம் புத்தகத்தில் பொறுக்கிய சொல். அந்தப் பேச்சுக்கு நடுவிலே சிநேகிதனைப் பார்த்து, "எங்கே சாப்பிடுவோம்?" என்றும் கேட்கிறான். வகுப்பில் இந்த இடம் வந்தால் நான் ஒரு நிமிசம் நிறுத்துவேன். பிள்ளைகள் சிரித்து முடிய வேண்டும்.

உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. 17 வயதில், டியூசனில் படித்த அந்தப் பிள்ளை வேறு ஊருக்குப் போனபோது, நீயும் யன்னலைச் சாத்திவிட்டுத்தான் கிடந்தாய். அப்பா "பெடியனுக்குக் காய்ச்சலோ" என்று கேட்டார். மூன்றாம் நாள் கதவைத் திறந்து, "அம்மா, இண்டைக்கு என்ன கறி?" என்றாய். புட்டும் மீன்குழம்பும் போட்டுத் தந்தேன், மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாய். இது ரோசலின்தான், பயமில்லை என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். உன்னிடம் சொல்லவில்லை.

ரோசலின் நாடகத்தில் ஒரு வரிகூடப் பேசமாட்டாள். அவள் பேசாததால்தான் அவனால் அவ்வளவு பேச முடிந்தது. ஜூலியட்டைக் கண்டதும் என்ன நடக்கிறது என்று சின்னவளை எண்ணிப் பார்க்கச் சொல்லு. அவர்கள் முதன்முதல் கதைத்துக்கொள்வது சரியாக 14 வரி. அந்தக் காலத்தில் காதலன் தனியே இருந்து எழுதுகிற சொனெட் என்ற பாட்டுக்கும் அதே 14 வரிதான். முதல் நாலு வரி இவன் சொல்ல, அடுத்த நாலு வரியை அவள் சொல்லுகிறாள், பிறகு மாறி மாறிப் போகிறது. தனிப்பாட்டுக்குள் இன்னொரு குரல் வந்துவிட்டது. மாடத்தின் கீழே நின்று நிலாவின் மேல் சத்தியம் பண்ணப் போனால், மாதம் மாதம் மாறுகிற நிலாவில் சத்தியம் பண்ணாதே என்கிறாள். வேறு எதில் பண்ணுவது என்று கேட்டால், சத்தியமே வேண்டாம் என்கிறாள். கலியாண எண்ணம் உண்டென்றால் நாளைக்கு ஆள் அனுப்புகிறேன், இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிடு. எத்தனை மணிக்கு அனுப்ப? ஒன்பதுக்கு. இதுதான் அவர்கள் பேச்சு. பெண்பிள்ளைகள் உள்ள வகுப்பில் இந்த இடத்துக்கு எப்போதும் ஒரு சலசலப்பு வரும்.

அடுத்தநாள் தெருவில் சிநேகிதன் மெர்குஷியோவோடு பகிடிக்குப் பகிடி விடுகிறான். இப்போதுதான் நீ ரோமியோ என்கிறான் அவன். காதல் முதலில் செய்த வேலை, அவனை அறையை விட்டு வெளியே கொண்டுவந்து சிநேகிதரிடம் ஒப்படைத்ததுதான்.

போன ஓகஸ்டில் நீங்கள் வந்தபோது கோணேசர் கோயிலுக்குப் போனோமே, கோட்டைக்குள்ளே மான் ஒன்று சின்னவளின் கையில் இருந்த பையைப் பிடித்து இழுத்ததே. மேலே 1687 என்று வெட்டிய ஒல்லாந்தத் தூணின் கதையை அன்றைக்கு அவளுக்குச் சொன்னேன். கப்பலேறிப் போன காதலனைப் பார்த்தபடி பிரான்சினா என்ற பெண் மலையிலிருந்து கடலில் பாய்ந்தாள் என்பார்கள். அவள் பாயவேயில்லை, பிறகு வேறொருவரைக் கட்டினாள் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. சின்னவளுக்கு இரண்டாவது கதை பிடிக்கவில்லை, முகத்தைச் சுளித்தாள். ரோமியோவையும் அவள் அப்படித்தான் வாசிக்கிறாள் என்று நினைக்கிறேன். முடிவில் பாய்ந்தவன் என்பதை வைத்து, தொடக்கத்திலிருந்தே விசரன் என்கிறாள்.

சரி, திங்கள் பின்னேரம். பாதர் இரகசியமாகக் கட்டிவைத்த கலியாணம் முடிந்து ஒரு மணித்தியாலம் இருக்கும். ஜூலியட்டின் மச்சான் டைபோல்ட் வந்து நடுத்தெருவில் சண்டைக்கு இழுக்கிறான். ரோமியோ வாளைத் தொடவில்லை. உன் குடும்பப் பெயர் எனக்கு என் பெயரைப் போல அருமையானது என்கிறான். தலைமுறையாகப் பகை வளர்த்த ஊரில் ஒருவன் அப்படிச் சொல்லுவதென்றால் லேசா? என் கணக்கில் நாடகத்திலேயே அவன் உயர்ந்து நிற்கிற இடம் இதுதான், கல்லறை அல்ல.

ஆனால் ஏன் என்று அவன் சொல்லவில்லை. பக்கத்தில் நிற்கிற மெர்குஷியோவுக்கு அது கோழைத்தனமாகப் படுகிறது, வாளை உருவுகிறான். ரோமியோ மறிக்க நடுவில் பாய, அவன் கைக்குக் கீழால் வந்த வாள் சிநேகிதனைக் குத்துகிறது. மூதூரிலிருந்து லோஞ்சில் வந்து படித்த பெடியன் ஒருவன் ஒருமுறை கேட்டான்: "மிஸ், கலியாணம் கட்டினதை அவன் ஏன் சிநேகிதனுக்குச் சொல்லேல்லை?" மணி அடித்துவிட்டது, நாளைக்குப் பார்ப்போம் என்றேன். அந்த நாளை வரவேயில்லை. இன்றைக்குக் கேட்டால் சொல்லுவேன். சண்டை பிடிக்காத மனிதனாக மாற அவனுக்கு ஒரு நாள் போதுமாக இருந்தது. மாறியதைக் கூட்டாளிகளுக்கு முன்னால் சொல்ல வெட்கம் விடவில்லை. அடுத்த நிமிசமே, ஜூலியட், உன் அழகு என்னைப் பெண்பிள்ளையாக்கிவிட்டது என்று அவளில் பழியைப் போட்டு, பழைய ரோமியோவாகப் போய் டைபோல்டைக் கொல்லுகிறான். பிறகு பாதரின் அறையில் நிலத்தில் விழுந்து கிடந்து, கத்தியை எடுத்துத் தன்னையே குத்தப் போகிறான். நீ ஆம்பிளையா என்று பாதர் ஏசுகிறார். காதலால் நல்லவனாகிக்கொண்டே போனான் என்று நேர்கோடு போட்டு எழுதினால், இந்த இடத்தில் கோடு முறிந்துவிடும். முறியட்டும், அதையும் எழுதச் சொல்லு.

இனி மான்டுவா. ஊரை விட்டுத் துரத்தப்பட்டு அங்கே இருக்கிறான். வேலைக்காரன் பல்தாசர் ஓடி வந்து ஜூலியட் இறந்துவிட்டாள் என்கிறான். ரோசலினுக்காக அத்தனை வரி அழுதவன் இப்போது எவ்வளவு அழ வேண்டும்? அழவில்லை. அப்படியா என்கிறான். நட்சத்திரங்களே, உங்களை நான் எதிர்க்கிறேன் என்கிறான். மையும் கடதாசியும் எடு, குதிரை பிடி என்கிறான். வேலைக்காரன் போனதும் தனக்குள்ளே ஒரு வரி: சரி ஜூலியட், இன்றிரவு உன் பக்கத்தில் படுப்பேன். ஈய இறகும் குளிர்ந்த நெருப்பும் எங்கே போயின?

உன்னையும் நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன், மகன். ஒருநாள் கோல் எடுத்து, "அம்மா, ஒரு ஆள் இருக்கிறா. சித்திரையில கூட்டிக்கொண்டு வாறன்" என்றாய். இரண்டு வசனம். எப்போதும் வளவளவென்று கதைக்கிற நீ. நான் போனை வைத்துவிட்டு அப்பாவிடம் "இது ரோசலின் இல்லை" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஆர் ரோசலின் என்று கேட்டார்.

நஞ்சு வாங்குகிற இடத்தையும் விடவேண்டாம் என்று சொல்லு. பட்டினியால் எலும்பாகிப் போன மருந்துக்காரனுக்கு 40 டுகாட் பொன் கொடுக்கிறான். கொடுத்துவிட்டு, போய்ச் சாப்பாடு வாங்கிச் சாப்பிடு, உடம்பில் கொஞ்சம் சதை பிடிக்கட்டும் என்கிறான். எங்கே சாப்பிடுவோம் என்று கேட்ட அதே வாய். ஜூலியட்டை அவள் தகப்பன் கட்டிக்கொடுக்க இருந்த பாரிஸ் கல்லறையில் மறிக்கும்போது, நல்ல பிள்ளை, வீணாக என்னோடு மோதாதே, போய்விடு என்று பெரிய மனிதரைப் போலக் கெஞ்சுகிறான். இவனுக்கே இன்னும் மீசை வடிவாக முளைத்திருக்காது. பாரிஸ் கேட்கவில்லை, குத்துப்பட்டுச் சாகிறான். சாகும்போது அவன் கேட்டபடியே ரோமியோ உடலைத் தூக்கி ஜூலியட்டின் பக்கத்தில் வைக்கிறான். அங்கே கிடக்கிற டைபோல்டிடமும் மன்னிப்புக் கேட்கிறான். பல்தாசரிடம் காசைக் கொடுத்து, நீ நன்றாக இரு என்கிறான். மற்றவர்களைக் காண அவனுக்குக் கண் வந்துவிட்டது.

மாறாமல் நின்றது அவசரம் ஒன்றுதான். ஜூலியட் சாகவில்லை, தான் கொடுத்த மருந்தில் நித்திரையாகக் கிடக்கிறாள் என்று பாதர் எழுதிய கடிதம் மான்டுவாவுக்குப் போகவில்லை. கொண்டுபோன மற்றப் பாதரைத் தொற்றுநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். 2020இல் ஊரடங்குக்குள் இருந்து வாசித்தபோதுதான் அந்த இடம் எனக்கு உறைத்தது, அதுவரை சும்மா ஒரு சாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். பாதரிடமிருந்து கடிதம் உண்டா என்று ரோமியோ பல்தாசரைக் கேட்கிறான். இல்லை என்றதும், பரவாயில்லை என்று கிளம்பிவிடுகிறான். கல்லறையில் கொஞ்ச நேரம் சும்மா இருந்து அழுதிருந்தால் அவள் கண் விழித்திருப்பாள்.

இனி சொல்லப்போவது கட்டுரைக்கு வேண்டாம், உனக்கு. ரோமியோவின் அம்மாவுக்கு நாடகம் முழுவதிலும் மூன்றே வரி. முதல் வரி, சண்டைக்குப் போகிற புருசனை மறிப்பது. மற்ற இரண்டும்: ரோமியோ எங்கே? இன்றைக்கு அவனைக் கண்டாயா? இந்தச் சண்டையில் அவன் இல்லாதது எனக்குப் பெரிய ஆறுதல். இந்த ஊரில் அந்த வருடங்களில் ஆம்பிளைப் பிள்ளை வளர்த்தவளுக்கு இதற்கு உரை எழுதத் தேவையில்லை. சந்தைப் பக்கம் கடைகள் சடசடவென்று பூட்டுப்படுகிற சத்தம் கேட்டால், ஈரக் கையோடு வாசலுக்கு ஓடிவந்து நானும் அதைத்தான் கேட்டேன். தம்பி எங்கே? ஆரும் கண்டீங்களோ? நீ மூலையில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வருவது தெரிந்தால் உள்ளே போய்விடுவேன், ஓடி வந்தது உனக்குத் தெரியக்கூடாது என்று.

மகனை ஊரைவிட்டுத் துரத்திய துக்கத்தில் அவள் அந்தக் கடைசி இரவிலேயே செத்துப்போகிறாள். அதையும் புருசன்தான் வந்து சொல்லுகிறார். ரோமியோ சாகுமுன் எழுதிய கடிதம் தகப்பனுக்கு. விடியக் கொண்டுபோய்க் கொடு என்று பல்தாசரிடம் கொடுத்தது. அம்மாவுக்கு ஒன்றும் எழுதியதாக இல்லை.

அப்பாவின் மருந்துப் பார்சல் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. சின்னவள் திருத்தி எழுதினால் எனக்கும் ஒன்று படம் எடுத்து அனுப்பச் சொல்லு. "ஆளைத்தான் மாற்றினான்" என்ற வரியை வெட்ட வேண்டாம், முதல் பந்தியிலேயே இருக்கட்டும். அதற்குக் கீழே திங்கட்கிழமை பின்னேரத்திலிருந்து தொடங்கட்டும்.

அன்புடன்,
அம்மா